பயிற்சி நடந்தது, வாசிப்பு வரவில்லை

ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் பள்ளியை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய பள்ளியில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 94 பிள்ளைகள், மொத்தம் 11 ஆசிரியர்கள். பிள்ளைகளில் 23 பேரால் நான்கு வரிப் பத்தி ஒன்றைத் தட்டுத் தடுமாறிக்கூட வாசிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை வெளியிலிருந்து ஆட்களை அழைத்து, ஆசிரியர்களுக்கு இரண்டிரண்டு நாள் பயிற்சி நடத்தியிருக்கிறார். "அட்டை, பாட்டு, விளையாட்டு என்று எல்லாரும் ரசித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழையபடி" என்கிறார். இப்போது மூன்றாவது பயிற்சிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த ஆசிரியை ஒருவர், "வீட்டில் கவனிக்காத பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்ய முடியும்? இன்னும் எத்தனை பயிற்சி?" என்று ஆசிரியர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டான இன்னொருவர், என்ன செய்வதென்று தனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று தனியாக வந்து அழுதிருக்கிறார்.

அவர் கேட்பவை: மூன்றாவது பயிற்சியை நடத்துவதா, அந்தப் பணத்தில் பகுதி நேரமாக ஒரு சிறப்பாசிரியரை வைத்துக்கொள்வதா? எழுத்தைத் திருப்பிப் போடும் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று ஆசிரியர்களே ஒரு பட்டியலை வைத்து முடிவு செய்யலாமா? வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, உடல் சமநிலைப் பயிற்சி ஆகியவற்றால் மூன்றே மாதத்தில் வாசிக்க வைப்பதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தை நம்பலாமா? ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களை அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருத்தலாமா?

கடைசியில், பின்குறிப்பு போல ஒரு விஷயம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். வாயால் கேட்டால் எதற்கும் பதில் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் வாய் திறக்க மாட்டான். எல்லார் முன்னாலும் ஒரு முறை வாசித்துவிட்டால் கூச்சம் தெளிந்துவிடும் என்று நினைத்து, காலைக் கூட்டத்தில் நான்கு வரி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். யாரோ சிரித்திருக்கிறார்கள். ஒன்பது நாளாக அவன் பள்ளிக்கு வரவில்லை.

அன்புள்ள தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

நாளைக்கே அந்தப் பையனைப் போய்ப் பாருங்கள். புத்தகம், பரிசு எதுவும் எடுத்துப் போக வேண்டாம். "நான் செய்தது தப்பு. இனிமேல் உன்னைக் கேட்காமல் யாரும் உன்னை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள்" என்று அவனிடமே சொல்லுங்கள். அவன் அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சிரிப்பு அவன் காதில்தான் விழுந்தது. அப்புறம் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் 11 ஆசிரியர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஒத்திகை பார்க்காத பத்தியை எந்தப் பிள்ளையும் வகுப்பு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டியதில்லை என்று பள்ளி முழுவதற்கும் ஒரு விதியாகவே வைத்துவிடுங்கள்.

உங்கள் நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கணக்கில்தான் ஒரு தவறு. கூச்சத்தால் அவனுக்கு வாசிப்பு வராமல் போகவில்லை, வாசிப்பு வராததால்தான் கூச்சம் வந்தது. வாசிப்பு வந்தால் கூச்சம் தானாகவே போகும்.

இவனைப் பற்றிப் படித்தபோது எனக்கு நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு குறிப்பு நினைவுக்கு வந்தது. 1896 நவம்பரில் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, பார்வையிலும் குறையில்லை. ஆனால் வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்தும் வாசிக்க வரவில்லை. பாடம் முழுவதையும் வாயாலேயே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். இந்த வகைச் சிக்கலைப் பற்றிய ஆரம்பகால மருத்துவக் குறிப்புகளில் அது ஒன்று. கட்டுரை எழுதியவர் மருத்துவர்தான். ஆனால் பையனைப் பல வருடம் பக்கத்திலிருந்து கவனித்துச் சொன்னவர் ஆசிரியர். உங்கள் ஆசிரியர்களும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். கவனித்ததை வைத்து அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பயிற்சி ஏன் ஒட்டவில்லை

நானும் பல வருடங்கள் இரண்டு நாள் பயிற்சி நடத்திப் பிழைத்த ஆள்தான். முடிவில் கொடுக்கும் கருத்துப் படிவங்களில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதி வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். ஒரு முறை, பயிற்சி கொடுத்த பள்ளி ஒன்றுக்கு மூன்று மாதம் கழித்து வேறு வேலையாகப் போனேன். நான் கொடுத்த அட்டைப் பெட்டி பீரோவின் மேல், பிரித்த தடம்கூட இல்லாமல் இருந்தது. அந்த ஆசிரியர்கள் சோம்பேறிகள் இல்லை. ஒரு பிள்ளை எதிரே உட்கார்ந்து 'கொடி' என்பதைக் 'கெடி' என்று வாசிக்கும்போது என்ன செய்வது என்று நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வாசிப்பின் முக்கியத்துவத்தைப் பற்றித்தான் இரண்டு நாளும் பேசியிருக்கிறேன்!

ஆசிரியர் பயிற்சியைப் பற்றி ஆராய்ந்த ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷோவர்ஸும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். கருத்தை விளக்குவது, செய்து காட்டுவது, அங்கேயே செய்து பார்க்க வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். பிறகு வகுப்பறையிலேயே ஒருவர் கூட இருந்து வாராவாரம் துணை நிற்கும்போதுதான் புதிய பழக்கம் ஊன்றுகிறது.

இந்தியாவில் நடந்த ஒரு சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. பிள்ளைகளை வகுப்புப்படி பார்க்காமல், இப்போது என்ன வாசிக்க முடிகிறதோ அதன்படி குழுவாக்கிக் கற்பிக்கும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையைப் பல மாநிலங்களில் சோதித்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் அந்த முடிவுகளை 2017ல் தொகுத்து வெளியிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருட்களும் மட்டும் கொடுத்த இடங்களில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் புது முறைக்கு நேரமே கிடைக்கவில்லை. ஹரியானாவில் இரண்டு விஷயத்தை மாற்றினார்கள். கால அட்டவணையில் இதற்கென்றே ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார்கள். ஆசிரியர்களுக்குத் துணை நிற்க வேண்டிய மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே 15 முதல் 20 நாள் வகுப்பெடுத்துப் பார்த்தார்கள். அங்கே இந்தி வாசிப்பு முன்னேறியது. அங்கேயும் கற்பித்தவர்கள் வழக்கமான அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான்.

உங்கள் பள்ளிக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டே கேள்வி. இந்த வேலைக்குக் கால அட்டவணையில் எந்த நேரம்? ஆசிரியர் தடுமாறும்போது பக்கத்தில் யார்? இதற்கு விடை இல்லாதவரை மூன்றாவது பயிற்சியும் அந்த பீரோவின் மேல்தான் போகும்.

23 பேருக்கும் ஒரே சிக்கல் இல்லை

கடிதம் முழுவதும் '23 பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு எண்ணிக்கை. அதை வைத்து யாருக்கும் எதுவும் கற்பிக்க முடியாது. யாருக்கு எது வரவில்லை என்று தெரிய வேண்டும்.

ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கிச் சொல்லைப் பிடிப்பது ஒன்று. காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் மொழியறிவு இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்.

உங்கள் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இரண்டாவது நிறைய இருக்கிறது, முதலாவது இல்லை. இன்னொரு பிள்ளை கடகடவென்று வாசிக்கும், என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும். மூன்றாவது பிள்ளைக்கு இரண்டுமே குறைவு. மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே பத்தியைப் பத்து முறை வாசிக்கச் சொன்னால் மூவருக்கும் நேரம்தான் வீண்.

எனவே பயிற்சிக்கு முன்னால், 23 பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும், மொத்தம் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. முதலில் கொஞ்சம் எழுத்துகள், உயிர்மெய்யும் சேர்த்து. அடுத்து எளிய சொற்கள். பிறகு 'கேமாரு', 'நொடுபி' மாதிரிப் பொருளே இல்லாத நாலைந்து சொற்கள். இதைக் கேட்டால் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். ஆனால் பாடப் புத்தகத்தை மனப்பாடமாகவே ஒப்பிக்கும் பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பக்கத்தைக் கையால் மூடினாலும் வாசிப்பார்கள்! பொருளில்லாத சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருக்க வழியில்லை. கடைசியாக இரண்டு பத்தி. ஒன்றை அவர்கள் வாசிக்கட்டும், இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள்.

பிழையைக் காது கொடுத்துக் கேட்பது

ஆசிரியர்கள் கற்க வேண்டிய திறன்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிள்ளை தப்பாக வாசித்ததும் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவதுதான் நம் பழக்கம். அந்தத் தப்பைக் கொஞ்சம் நின்று பார்த்தால், நாளைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

'கொடி'யைக் 'கெடி' என்று வாசிக்கும் பிள்ளை கொம்பைப் பார்த்துவிட்டது, பின்னால் வரும் காலைப் பார்க்கவில்லை. நம் எழுத்தில் எ, ஏ, ஐ ஒலிகளுக்கான குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, வாயிலோ பின்னால் வருகிறது. ஒ, ஓவுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. பெரியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. 'படம்' என்பதைப் 'பாடம்' என்று வாசிக்கும் பிள்ளைக்குக் குறில் நெடில் காதில் பிரியவில்லையா, கால் கண்ணில் படவில்லையா என்று சோதிக்க வேண்டும். எழுத்தை மறைத்துவிட்டு இரண்டையும் சொல்லிக் காட்டினால் தெரிந்துவிடும். 'சிங்கம்' என்ற இடத்தில் 'சிறுத்தை' என்று வாசிக்கும் பிள்ளை முதல் எழுத்தையும் படத்தையும் வைத்து ஊகிக்கிறது. இதைப் பாராட்டும் ஆசிரியர்கள் உண்டு. பாராட்ட வேண்டாம். படமில்லாத பக்கம் வரும்போது அந்த உத்தி கைவிட்டுவிடும்.

இன்னொரு வகை உண்டு. 'வந்தது' என்று அச்சிட்டிருப்பதை 'வந்துச்சு' என்று வாசிக்கும் பிள்ளை. இதற்குத் திட்டு விழுவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை எழுத்தைப் படித்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சு மொழிக்கு மாற்றியும் விட்டது. அவ்வளவு வேலை செய்த பிள்ளையிடம், புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் பார் என்று மெதுவாகக் காட்டினால் போதும்.

'தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் போயிற்று' என்று அந்த மூத்த ஆசிரியை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசி சரி. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் நம் எழுத்து நேர்மையானது. ஆனால் கடல், பகல், தங்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே க எத்தனை ஒலி? கு, சு, டு, து, நு என்று உகரம் ஏறும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒரு வடிவம் எடுக்கிறது. கன்னடத்தில் பிள்ளைகள் எழுத்துகளைக் கற்கும் வேகத்தை ஆராய்ந்து 2007ல் எழுதிய சோனாலி நாக், இந்த வகை எழுத்து முறையில் எழுத்தறிவு முழுமையாக நான்காம் வகுப்புவரைகூட ஆவதைக் காட்டினார். ஒன்றாம் வகுப்பிலேயே 247ம் முடிந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு மேலே போவதில் இருக்கும் ஆபத்து இதுதான். பாடம் முடிந்துவிடும், பிள்ளைக்கு முடிந்திருக்காது.

எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்து முத்தான கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதியிருக்கும் நோட்டுகளைக் கண்டு ஏமாறாதீர்கள். ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத பிள்ளை அதை வரைந்திருக்கக்கூடும். அன்று கற்ற எழுத்துக் குறியில் அமைந்த ஐந்து சொற்களைச் சொல்லி எழுத வைப்பது, பலகையைப் பார்த்து ஐந்து பக்கம் எழுத வைப்பதைவிடப் பல மடங்கு மேல். அதில் 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதினால் பதற வேண்டாம். பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது, காதை நம்பி எழுதியிருக்கிறான். அது சொல் சொல்லாக நினைவில் ஏற்ற வேண்டிய விஷயம். 'மம்' என்று ஓர் எழுத்தை விழுங்கி எழுதினால்தான் ஒலியைப் பிரிக்கவே வரவில்லை என்று பொருள். இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையால் ஒரே சுழி போட்டால் எப்படி?

டிஸ்லெக்சியா, வண்ணக் கண்ணாடி, இன்னொரு வருடம்

எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறேழு வயதுவரை பெரும்பாலான பிள்ளைகளிடம் பார்க்கலாம். இடம் வலமாகத் திரும்பினாலும் பூனை பூனைதான் என்று கற்ற மூளை, எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும் என்பதும் பழைய நம்பிக்கை. 1970களில் ஃபிராங்க் வெல்லுடினோ என்ற உளவியலாளர், தடுமாறும் பிள்ளைகளுக்கும் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் யாருமே அறியாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதினார்கள். கண் ஒழுங்காகத்தான் பார்க்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல், சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலும் அவற்றை எழுத்தோடு இணைப்பதிலும் இருக்கிறது.

உங்களுக்கு யாரோ கொடுத்த பட்டியல் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று தெரிகிறது. ஆங்கில b, d எழுத்துகள் மாறுவதைப் பற்றியே அதில் பாதி இருக்கிறது. ஒலியும் எழுத்தும் ஓரளவு ஒத்துப்போகும் ஜெர்மன் போன்ற மொழிகளில் இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக. தமிழிலும் சத்தமில்லாமல், தப்பில்லாமல், எழுத்து எழுத்தாக ஊர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். அந்தப் பட்டியல் தவறவிடுவது அவளைத்தான்.

ஆசிரியர்கள் கவனிக்கலாம், எழுதி வைக்கலாம், பெற்றோரிடம் பேசலாம். 'உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா' என்று சொல்லக் கூடாது. அது தகுதியுள்ள உளவியலாளர் முறையாகச் சோதித்துச் சொல்ல வேண்டியது, அதற்கும் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடிந்த பிள்ளையை மந்தம் என்று நினைத்து வருடங்களை வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். 'மெல்லக் கற்பவர்' பட்டியலைச் சுவரில் ஒட்டுவது, ஸ்டாஃப் ரூமில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி அலசுவது ஆகியவற்றை இன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தகவல் பிள்ளைக்குச் சொந்தமானது.

இதைவிட முக்கியமான ஒன்று: சான்றிதழ் வந்தால்தான் உதவி என்று வைக்காதீர்கள். காரணம் எதுவானாலும் தொடக்கத்தில் தேவைப்படும் கற்பித்தல் பெருமளவு ஒன்றுதான். ஒழுங்காக மூன்று நான்கு மாதம் கற்பித்தும் நகராத பிள்ளையைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை ஆசிரியர் எழுதி வைத்த குறிப்புகள் உளவியலாளருக்கு மிகவும் உதவும். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்டுவது போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படும். விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால் உங்கள் கல்வித் துறையிடம் தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அந்த மூன்று மாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009ல் கூட்டாகவே அறிவித்தன. சமநிலைப் பயிற்சியால் பிள்ளைக்குச் சமநிலை வரும். வாசிப்பு வருவதற்கு வாசிப்பைத்தான் கற்பிக்க வேண்டும்.

அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருத்துவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அதே பாடத்தை அதே விதமாக இரண்டாம் முறை நடத்துவதால் புதிதாக எதுவும் வருவதில்லை. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்ட அவமானம்தான் சேரும், பிற்பாடு படிப்பை நிறுத்தும் வாய்ப்பும் கூடும். அவனை ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்கள், கூடவே அவன் வாசிப்பு எங்கே நிற்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பையும் அனுப்புங்கள்.

சிறப்பாசிரியரா, பயிற்சியா

வாரத்துக்கு இரண்டு அரை நாள் வரும் ஒருவரால் 23 பேருக்குக் கற்பிக்க முடியாது. அதைவிட ஆபத்து, 'அது அவர் வேலை' என்று மற்ற 11 பேரும் கையைக் கழுவிவிடுவார்கள். ஆனால் அதே ஆளை ஆசிரியர்களின் பக்கத்தில் உட்கார வைத்தால் கதை வேறு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பணத்தை இப்படிச் செலவழிப்பேன்: ஒரே ஒரு நாள் பயிற்சி. அதன் பிறகு அதே பயிற்சியாளர் ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு முறை வந்து, பிள்ளைகளுக்கு ஆசிரியர் கற்பிக்கும்போது கூட இருப்பது.

அமெரிக்கக் கல்வித் துறை 2009ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, தடுமாறும் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு பேர் கொண்ட குழுவாக, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், 20 முதல் 40 நிமிடம் கற்பிக்கச் சொல்கிறது. உங்கள் 23 பேருக்கு ஆறு குழு. மூன்று வகுப்புகளுக்கும் வாசிப்பு நேரத்தை ஒரே பீரியடில் வையுங்கள். உங்களையும் சேர்த்து ஆறு பேர் ஆளுக்கு ஒரு குழுவை எடுக்க, மற்ற பிள்ளைகளை மீதி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளி விட்ட பிறகு என்று வைத்தால் முதல் வாரத்திலேயே குலைந்துவிடும், ஆசிரியர்களுக்கும் அது நியாயம் இல்லை. குழுவை நிலைப்படி பிரிக்கும்போது வயதையும் பாருங்கள். பத்து வயதுப் பையன் எட்டு வயதுப் பிள்ளைகளோடு முயல் கதை வாசிக்க உட்கார மாட்டான். எழுத்து எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கட்டும்.

அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முந்தைய நாள் எழுத்துகளை ஒரு சுற்று. சொல்லை வாயாலேயே ஒலிகளாகப் பிரிப்பது, சேர்ப்பது. ஒரே ஒரு புதிய குறி, அது வரும் சொற்களை வாசிப்பது, உடனே அவற்றையே சொல்லி எழுத வைப்பது. மீதி நேரம் அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டும் அமைந்த ஒரு சின்னப் பத்தி. அவ்வளவுதான். பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும், அட்டைப் பெட்டியின் கவர்ச்சி இதில் இருக்காது.

வாரம் ஒரு நாள் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரட்டும். ஒருவர் கற்பிக்க, மற்றவர் பிள்ளையின் பிழைகளை மட்டும் எழுத வேண்டும், ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. அந்தத் தாள் பணி மதிப்பீட்டுக்குள் வராது என்று நீங்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் யாரும் தடுமாறும் பிள்ளையைக் கொண்டுவர மாட்டார்கள், நன்றாக வாசிக்கும் பிள்ளையைத்தான் காட்டுவார்கள். ஆறு குழுக்களில் ஒன்றை நீங்களே எடுங்கள். அந்தப் பையன் இருக்கும் குழுவை வேண்டாம், அவன் கொஞ்சம் மூச்சு விடட்டும். அந்தக் குழுவை, தனியாக வந்து அழுத இளம் ஆசிரியையிடம் கொடுங்கள். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான், அவர்தான் வேகமாகக் கற்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூத்த ஆசிரியையின் கோபத்தை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் லூயிசா மோட்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1994ல் அனுபவமுள்ள ஆசிரியர்களையே சோதித்தபோது, தாங்கள் கற்பிக்கும் மொழியின் ஒலி அமைப்பைப் பற்றிப் பலருக்கும் தெளிவில்லை என்று கண்டார். நம் நிலைமையும் அப்படித்தான். ழ சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சொல்லிக் காட்டுவார்கள், விளக்க வராது. சரியாகச் சொல்லத் தெரிவது ஒன்று, தெரியாதவனுக்கு அதைப் பிரித்துக் காட்டத் தெரிவது வேறு. முப்பது வருடம் கழித்து இதை ஒப்புக்கொள்வது யாருக்கும் கசக்கும். வீட்டில் யாரும் படிப்பைக் கவனிக்காததும் உண்மையாகவே இருக்கலாம், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் 11 பேரின் கையில் இல்லாத விஷயம். அவரிடம் குழு எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடச் சோதனைக்கு மூன்று பிள்ளைகளைக் கேட்டுச் சொல்லும்படி உதவி கேளுங்கள். 'கெடி'க்கும் 'சிறுத்தை'க்கும் வேறுபாடு அவர் காதில் விழுந்துவிட்டால், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே சோதனையைத் திரும்ப வையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் ஒரு பருவத்துக்குள் குழுவை விட்டு வெளியேறுவார்கள். ஐந்தாம் வகுப்பினருக்கு அதைவிட அதிக காலம் ஆகும், ஓரிருவருக்கு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

மூன்றாவது பயிற்சிக்கு வரப்போகிறவர்களுக்கு இப்போதே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் நால்வரை வைத்து, எங்கள் ஆசிரியர்கள் முன்னால் நீங்களே அரை மணி நேரம் கற்பித்துக் காட்டுவீர்களா? பிறகு வாராவாரம் வருவீர்களா? ஆறு மாதம் கழித்து, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு உங்கள் பயிற்சியை மதிப்பிட ஒப்புக்கொள்வீர்களா? மூன்றுக்கும் சரி என்றால் வரட்டும். கருத்துப் படிவம் உண்டு, சான்றிதழ் உண்டு என்று பதில் வந்தால், அந்தத் தேதியை ரத்து செய்துவிட்டு, அன்றைக்கு 23 பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேட்டு முடித்துவிடுங்கள்.